ஜிபிஎஸ் பெட்டியா, கைபேசியா? யாழ்ப்பாணத்து வாகனத்துக்கு எதைத் தெரிவு செய்வது: முழுமையான வழிகாட்டி

வாகனங்களுக்கு ரேடியோ செற், பின்கமரா, சார்ஜர் பொருத்துவது என் தொழில். மாதத்தில் ஒருவராவது, வாகனத்தில் வைத்து வழி காட்டும் ஒரு ஜிபிஎஸ் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “அண்ணை, இதை எப்படியாவது வேலை செய்ய வைத்துத் தாருங்கள்” என்பார். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் விட்டுப்போன பெட்டியாக இருக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். பெட்டி நல்ல பெட்டிதான். உள்ளே இலங்கை இருக்காது. இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய இலங்கையாக இருக்கும்.

கைபேசியே போதும் என்று வானை எடுத்துப் புறப்பட்டு, மாங்குளம் தாண்டியதும் திரை சூட்டில் மங்கி, சார்ஜும் இறங்கி, தேநீர்க்கடையில் வழி கேட்டுக் கேட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

எதை வாங்குவது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கீழே உள்ள படிகளில் செலவில்லாதவை முதலில் வருகின்றன, செலவுள்ளவை பின்னால் வருகின்றன. பாதி தூரம் வருமுன்பே பலருக்கு விடை கிடைத்துவிடும். முதலில் கடைக்குப் போய்விட்டுப் பிறகு இதைப் படித்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

தொடங்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

நீங்கள் தினமும் பாவிக்கும் கைபேசியை எடுங்கள். லாச்சியில் கிடக்கும் பழையதைச் சோதித்துவிட்டுப் புதியதோடு பயணம் போவதில் பயனில்லை. வீட்டில் வைஃபை வேண்டும், அது இல்லாவிட்டால் போதிய டேட்டா. ஒரு கொப்பியும் பேனையும். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தால் அதன் மின்கம்பியையும் தேடி எடுங்கள். ஏழாம் படியைச் செய்யும்போது வாகனத்தில் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டிப் பார்ப்பவருக்காக நான் இதை எழுதவில்லை.

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்கிய கார்களில் இருக்கும் திரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் இருப்பது யப்பான் வரைபடம், பேசுவது யப்பான் மொழி. அதை இலங்கைக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசு கொடுக்குமுன் அந்தத் திரையில் யாழ்ப்பாணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

1. ஒரு வார ஓட்டத்தை எழுதுங்கள்

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். எங்கே போனீர்கள், வழி முன்பே தெரியுமா, ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை போன் அடித்தது. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். விடையைத் தீர்மானிப்பதே அந்த மூன்றாவதுதான்.

காரணம் இதுதான். கைபேசியில் வரைபடமும் அழைப்பும் ஒரே திரையில் வாழ்கின்றன. திரும்ப வேண்டிய சந்தி வரும் அதே கணத்தில் அழைப்பு வந்தால், கண்ணும் காதும் அழைப்புக்குப் போய்விடும். வாரத்தில் நாலு அழைப்பு வருபவருக்கு இது பிரச்சினை இல்லை. வாடகைக்கு வான் ஓடுபவருக்கு ஒரு மணி நேரத்தில் நாலு அழைப்பு வரும்.

என் அயலவர் ஒருவரின் கொப்பியைப் பார்த்தேன். சுன்னாகம் சந்தை, பெரியாஸ்பத்திரி, பிள்ளையின் பாடசாலை, மனைவியின் தாய்வீடு. ஏழு நாளும் தெரிந்த வழி. தெரியாத வழி என்று இருந்தது மாதம் ஒரு தடவை விமான நிலைய ஓட்டம் மட்டும். அதற்காக அவர் ஒரு பெட்டி வாங்க இருந்தார். கொப்பியைத் தானே ஒரு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

2. பெட்டி இருந்தால், உள்ளே எந்த நாடு, எந்த வருடம் என்று பாருங்கள்

கார்மின், டொம்டொம் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் அந்தந்தப் பிராந்திய வரைபடத்துடன் விற்கப்படுகின்றன. கனடாவில் வாங்கியதில் வட அமெரிக்கா இருக்கும், இங்கிலாந்தில் வாங்கியதில் ஐரோப்பா இருக்கும். உறையில் “வாழ்நாள் முழுவதும் இலவச வரைபடம்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த வாக்குறுதி அதே பிராந்தியத்துக்குத்தான். ரொறன்ரோ வீதிகள் புதிதாகிக்கொண்டே இருக்கும், உங்கள் ஊர் வெறும் வெள்ளைத் திரையாகவே இருக்கும்.

பெட்டிக்கு மின் கொடுத்து, அமைப்புகளுக்குள் வரைபடங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். இலங்கை இல்லையென்றால் மூன்றாம் படிக்குப் போகலாம். இருந்தால் அதன் வயதைக் கண்டுபிடிக்க வேண்டும். பதிப்பு எண்ணைப் படித்துக் குழம்ப வேண்டாம். நான் இரண்டு இடங்களைத்தான் பார்ப்பேன்.

முதலாவது சங்குப்பிட்டிப் பாலம். 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. நாவற்குழியிலிருந்து பூநகரிக்கு வழி கேளுங்கள். பெட்டி உங்களை ஆனையிறவு, பரந்தன் என்று சுற்றி அனுப்பினால் அந்த வரைபடத்துக்குப் பாலம் இருப்பதே தெரியாது. அந்தப் பெட்டியை நம்பி மன்னார்ப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது மத்திய அதிவேக வீதியின் மீரிகம – குருநாகல் பகுதி. 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. திரையில் அந்தக் கோடு இல்லையென்றால், நீங்கள் அதில் ஓடும்போது உங்கள் கார் வயலுக்குள் நீந்துவதாகப் பெட்டி காட்டும். ஒவ்வொரு நிமிடமும் “மீண்டும் கணக்கிடுகிறது” என்று சொல்லிக்கொண்டு வரும்.

பழைய பெட்டிகளுக்கு இன்னொரு நோயும் உண்டு. ஜிபிஎஸ் செய்மதிகள் வாரத்தை எண்ணும் எண் 1,024 வாரங்களுக்கு ஒரு தடவை மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. அதற்கு முன் வெளிவந்து, பிறகு மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பெட்டிகளில் திகதி பிழையாக வரும். சிலவற்றில் இடமே பிடிபடாது. பெட்டி காட்டும் திகதியைச் சுவர்க் கலண்டருடன் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இலங்கை இல்லாத கார்மின் பெட்டிக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் கார்மினுக்கு ஏற்ற கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. அதை மைக்ரோ எஸ்டி அட்டையில், ஆங்கிலத்தில் கார்மின் என்று பெயரிட்ட கோப்புறைக்குள் போட்டுப் பெட்டியில் செருகினால் வீதிகள் தெரியும். ஆனால் முகவரி தேடல் பெரும்பாலும் நொண்டும். இடத்தை நீங்களே புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு இது நல்ல வேலை. நாளைக் காலை நாலு மணிக்கு விமான நிலையம் புறப்படுபவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

3. கைபேசியின் காது கேட்கிறதா என்று சோதியுங்கள்

“டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பிழையான வாக்கியம். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தொடர்ந்து சமிக்ஞை அனுப்புகின்றன. கைபேசியும் பெட்டியும் அதைக் கேட்கின்றன, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செய்மதிகள் கேட்டால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதற்குச் சிம் அட்டைகூடத் தேவையில்லை. டேட்டா தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும், நெரிசலை அறியவும், முதல் இடத்தைச் சீக்கிரம் பிடிக்கவும்தான்.

முற்றவெளி போன்ற வெட்டவெளிக்குப் போங்கள். கைபேசியை விமான முறைக்கு மாற்றுங்கள். வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். வரைபடச் செயலியைத் திறந்து காத்திருங்கள். வலையமைப்பின் உதவி இல்லாததால் முதல் தடவை சில நிமிடங்கள் எடுக்கலாம். பொறுமை இழந்து “இது பழுது” என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வந்ததும் பண்ணைப் பாலத்தில் மெதுவாக ஓடிப் பாருங்கள். வழிகாட்டலைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் செயலி புள்ளியை இழுத்து வீதிக்கோட்டோடு ஒட்டிக் காட்டும், பிழை மறைந்துவிடும். வெறும் வரைபடத்தில் புள்ளி வீதியிலேயே நின்றால் உங்கள் கைபேசி தேறிவிட்டது. இரண்டு பக்கமும் கடல் என்பதால் புள்ளி விலகினால் உடனே கண்ணில் படும்.

புள்ளி கடலுக்குள் குதித்தால் கைபேசியைக் குற்றம் சொல்லுமுன் மூன்றைப் பாருங்கள். செயலிக்குத் துல்லியமான இருப்பிடத்துக்கான அனுமதி இருக்கிறதா? பற்றரி சேமிப்பு முறை அணைந்திருக்கிறதா? கண்ணாடியில் உலோகம் கலந்த கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது சமிக்ஞையைத் தடுக்கும். காருக்கு வெளியே இறங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெரிய திரைக்கு ஆசைப்பட்டு ஐபேட்டைப் பொருத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் இல்லை. சிம் போடும் வகையில்தான் இருக்கிறது.

4. இரண்டு வரைபடங்களை இறக்கி வையுங்கள்

ஒன்று கூகுள் மேப்ஸ், மற்றது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓடும் ஏதாவது ஒரு செயலி. ஓர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் இருந்தால் போதும். இரண்டு எதற்கு என்றால், இரண்டையும் வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்றில் இல்லாத ஒழுங்கை மற்றதில் இருக்கும். இரண்டும் ஒரே வழியைச் சொன்னால் நிம்மதியாகப் போகலாம். வேறு வேறு வழி சொன்னால் அங்கே ஏதோ விடயம் இருக்கிறது, ஊர்க்காரரைக் கேளுங்கள்.

கூகுளில் இறக்கும்போது, எந்தப் பகுதி இறங்கும் என்று காட்டும் ஒரு கட்டச் சட்டம் திரையில் வரும். அதை இழுத்துப் பெரிதாக்கலாம். யாழ்ப்பாணத்தை மட்டும் இறக்குவதுதான் வழக்கமான தவறு. குடாநாட்டுக்குள் உங்களுக்கு வரைபடமே தேவைப்படாது, தேவைப்படுவது வெளியே. போகும் பாதை முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டும்: வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. ஒரு சட்டத்துக்குள் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இறக்குங்கள். இடையில் இடைவெளி இருந்தால் வழி அங்கேயே அறுந்துவிடும்.

இப்படி இறக்கிய கூகுள் வரைபடத்துக்குக் காலாவதி உண்டு. புறப்படுவதற்கு முதல்நாள் வைஃபையில் ஒரு தடவை புதுப்பித்துவிடுங்கள். டேட்டா இல்லாதபோது அது வாகனத்துக்கான வழியை மட்டுமே சொல்லும். நெரிசல், மாற்று வழி இரண்டும் வராது.

இறக்கியதும் மீண்டும் விமான முறைக்குப் போய், வீட்டு முற்றத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வழி கேளுங்கள். வந்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையை விட்டவர்கள்தான் காட்டுப் பாதையில் நின்றுகொண்டு “இறக்கினேனே, எங்கே போனது?” என்று கேட்கிறார்கள்.

5. இடத்தைக் கொடுக்கும் முறையை மாற்றுங்கள்

யாழ்ப்பாணத்தில் முகவரியைத் தட்டச்சு செய்து இடம் தேடுவது சூதாட்டம். அம்மன் கோவில் வீதி எத்தனை ஊரில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையார் கோவிலடி என்றால் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதம். சுன்னாகத்தை ஒருவர் ஒரு விதமாக எழுத, பெட்டி இன்னொரு விதத்தை மட்டும்தான் ஏற்கும். கைபேசி ஓரளவு ஊகித்துக்கொள்ளும். பெட்டி “கிடைக்கவில்லை” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ஆகவே முகவரி கேட்காதீர்கள், புள்ளி கேளுங்கள். போக வேண்டிய வீட்டுக்காரரை அவருடைய வாசற்கதவுக்கு வெளியே நின்று வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பச் சொல்லுங்கள். வாசல் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டின் பின்பக்கத்திலிருந்து அனுப்பிய புள்ளி பின் ஒழுங்கைக்கு நெருக்கமாக விழும். செயலி உங்களை அந்த ஒழுங்கைக்குள் கொண்டுபோய், மதிலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, “வந்துவிட்டீர்கள்” என்று சொல்லும்.

பெட்டியில் வாட்ஸ்அப் இல்லை. அதற்கு ஆயத்தொலைவு எண்களை, அதாவது அந்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை, நீங்களே தட்ட வேண்டும். பெட்டிக்காரர்கள் மிக அதிகமாக இடறுவது இங்கேதான். கைபேசி தரும் எண் தசமப் பாகை: கிளிநொச்சி என்றால் ஏறத்தாழ 9.40, 80.40. சில பெட்டிகள் பாகை – நிமிடம் என்ற முறையில் இருக்கும். அதில் 9 பாகை 40 நிமிடம், 80 பாகை 40 நிமிடம் என்று தட்டினால் பெட்டி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பாகைக்கு 60 நிமிடம். 40 நிமிடம் என்றால் 0.667 பாகை. நீங்கள் கொடுத்த இடம் கிளிநொச்சியிலிருந்து வடகிழக்கே 40 கிலோமீற்றருக்கு அப்பால், மருதங்கேணிக்குக் கிழக்கே நடுக்கடலில் விழும்.

அமைப்புகளில் ஆயத்தொலைவு முறையைத் தசமப் பாகைக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கமாவது வேண்டும். நாலு இலக்கம் என்றால் பிழை 11 மீற்றருக்குள், இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீற்றர். தட்டி முடித்ததும் புறப்படுமுன் வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளி நிலத்தில் இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

6. பொருத்துதல், சூடு, மின்

ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் கைபேசி பெட்டியை வென்றிருக்கும். தோற்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

முதலில் இடம். இங்கே சாரதி வலப்பக்கம் இருக்கிறார். தாங்கியை முன்கண்ணாடியின் நடுவில், உயரத்தில் வைக்காதீர்கள். கீழே, வீதியை மறைக்காத இடத்தில் வையுங்கள். காற்றுப்பை விரியும் பகுதிக்கு மேலே எதையும் பொருத்தக் கூடாது. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது அதைவிட மோசம்.

அடுத்தது சூடு. ஐபோனைப் பாவிக்கத் தக்க சுற்றுவெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் நிழலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். முன்கண்ணாடிக்குப் பின்னால், வெயிலில், சார்ஜ் ஏறிக்கொண்டு, திரை முழு வெளிச்சத்தில் இருக்கும் கைபேசி என்ன பாடுபடும்? முதலில் திரை மங்கும். பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் சூட்டு எச்சரிக்கை வந்து எல்லாம் அணையும். பெட்டிகள் இந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டவை என்பதால் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

மருந்து மலிவானது. ஏசி காற்று வரும் துவாரத்தில் பொருத்தும் தாங்கியை வாங்குங்கள். குளிர்காற்று கைபேசியின் முதுகில் படும். உறையைக் கழற்றிவிடுங்கள். வாகனத்தை நிறுத்தினால் கைபேசியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஏசி இல்லாத பழைய வானில் இந்த வழி இல்லை, ஆகவே அங்கே பெட்டிக்கு ஒரு புள்ளி கூடுகிறது. ஆனால் பெட்டியையும் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பற்றரி வீங்கித் திரையைப் பிதுக்கித் தள்ளிய பெட்டிகளைக் கழற்றியிருக்கிறேன்.

மூன்றாவது மின். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பழைய சார்ஜர் 1 ஆம்பியர்தான் கொடுக்கும், அதாவது 5 வாட். வெளிச்சத் திரையோடு வரைபடம் ஓட்டும் கைபேசி அதைவிட வேகமாகக் குடித்துவிடும். சார்ஜரில் இருந்துகொண்டே பற்றரி இறங்குவதன் மர்மம் இவ்வளவுதான். 18 வாட்டோ அதற்கு மேலோ உள்ள சார்ஜரும், தடித்த, குட்டையான கம்பியும் வாங்குங்கள். நல்ல சார்ஜரில் மெல்லிய கம்பியைச் செருகிவிட்டுச் சார்ஜரைத் திட்டுபவர்கள் பலர்.

7. ஒரே வழியில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்

கையில் பெட்டி இருந்தாலோ, ஒரு நாளுக்கு இரவல் வாங்க முடிந்தாலோ இதைச் செய்யுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை வழி இது: நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் தொடங்கி, பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான். நெருக்கமான ஒழுங்கைகளும் வெட்டவெளியும் கடலுக்கு நடுவே போகும் பாதையும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவர் கொப்பியில் எழுதட்டும். திரும்பலை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது? வேண்டுமென்றே ஒரு சந்தியைத் தவறவிட்டால் எத்தனை விநாடியில் புது வழி சொல்கிறது? வெயில் திரையில் விழும்போது எழுத்துத் தெரிகிறதா? குரல் புரிகிறதா? கூகுளில் தமிழ்க் குரல் இருக்கிறது. சாவகச்சேரியை ஆங்கில நாக்கால் உச்சரிக்கும் பெட்டியைக் கேட்டால், எந்த நாட்டில் ஓடுகிறோம் என்ற சந்தேகம் வரும்.

போகும் இடமாகக் குறிகாட்டுவானைக் கொடுக்காமல் நயினாதீவைக் கொடுத்தும் பாருங்கள். அங்கே போவது படகில். வழி இறங்குதுறையில் முடிய வேண்டும். முடியாமல் குழம்பும் கருவி எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எந்தக் கருவியாலும் தீராத இடங்கள் சில உண்டு. அவற்றுக்காக ஒன்றை விட்டு மற்றதை வாங்குவதில் பயனில்லை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலைக் கடப்பது மிதவை. ஊரில் அதற்குப் பெயரே பாதை. வரைபடத்தில் அது சாதாரண வீதி போலத் தொடரலாம். உங்கள் வானை அதில் ஏற்றலாமா, அன்று அது ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையேல் யாழ்ப்பாணம் திரும்பி, வட்டுக்கோட்டை, பொன்னாலை வழியாகச் சுற்ற வேண்டும்.

மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வரைபடத்தில் மிகக் குட்டையான கோடு வில்பத்து தேசியப் பூங்காவின் ஊடாகப் போகும். கிலோமீற்றர் குறைவு என்று மயங்காதீர்கள், அது காடு. மதவாச்சி, அநுராதபுரம் வழியாகப் போங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. கைபேசிக்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம். வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருந்து படிப்படியாக விடுபட்ட வீதிகளும் இப்படித்தான். திறந்தது மூடியதாகவும், மூடியது திறந்ததாகவும் வரைபடத்தில் கிடக்கலாம்.

ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. கடவையில் ரயில் வருகிறது என்று எந்தப் பெட்டியும், எந்தச் செயலியும் சொல்லாது. குரலைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பாருங்கள்.

8. இப்போது தெரிவு செய்யுங்கள்

சொந்தக் கார், தெரிந்த ஊர், எப்போதாவது கொழும்பு: கைபேசி. யோசிக்கவே வேண்டாம். கொழும்பு நெரிசலில் எந்த வீதி அடைத்திருக்கிறது என்பதை, மற்றவர்களின் கைபேசிகள் நகரும் வேகத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்வது செயலி. டேட்டா இல்லாத பெட்டிக்கு அது முடியாது. செலவும் பெரிதில்லை, வழிகாட்டல் மணிக்குச் சில மெகாபைட்தான் எடுக்கும்.

நாள் முழுவதும் வாடகைக்கு ஓடுபவர், அழைப்பு ஓயாதவர்: வழிகாட்டலுக்குத் தனித் திரை வேண்டும். அது பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லாச்சியில் கிடக்கும் இரண்டாவது கைபேசியில் வரைபடங்களை இறக்கி, அதை வானுக்கென்றே ஒதுக்கிவிட்டு, தேவையானபோது முதல் கைபேசியிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுப்பது என் முதல் சிபாரிசு. அதற்கும் மூன்றாம், நாலாம் படிகள் பொருந்தும். வாகனத்தில் திரையுள்ள ஆண்ட்ராய்டு ரேடியோ செற் ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும். அதன் ஜிபிஎஸ் அன்ரெனாவை டாஷ்போர்ட்டுக்குள் உலோகத்தின் அடியில் ஒளித்து வைக்காதிருந்தால் சரி.

பெட்டியை நான் சொல்வது சிலருக்கு மட்டும். ஏசி இல்லாத வாகனம். கைபேசித் திரையின் சிறிய பொத்தான்களோடு மல்லுக்கட்ட விரும்பாத மூத்த சாரதி. வலையமைப்பு இல்லாத இடங்களில் அடிக்கடி ஓடுபவர். இவர்களுக்கும்கூட, புதிய இலங்கை வரைபடம் உள்ளே இருந்தால் மட்டும்தான்.

பெரிய வானோடு ஒழுங்கைகளில் ஓடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடுகளில் லொறிகளுக்கென்று உயரம், அகலம் பார்த்து வழி சொல்லும் பெட்டிகள் விற்கிறார்கள். நம் ஒழுங்கைகளின் அகலம் எந்த வரைபடத்திலும் இல்லாமல் அந்தப் பெட்டி என்ன செய்யும்? கடைசி 200 மீற்றருக்கு வீட்டுக்காரரை ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கச் சொல்லுங்கள். மதிலில் உரசிய கதவைப் பூசும் செலவைவிட ஓர் அழைப்பு மலிவு. செயலியில் மோட்டார் சைக்கிள் முறை தெரிவாகிக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். மகன் தெரிந்தெடுத்துவிட்டுப் போன அந்த முறையோடு வானை ஓட்டி, வேலிக்கும் மதிலுக்கும் நடுவே சிக்கிய ஒருவரை நானே போய்ப் பின்னால் எடுத்துவிட்டேன்.

9. பெட்டி வாங்குவதாக இருந்தால், கடையில்

பெட்டியை உறையிலிருந்து எடுத்து மின் கொடுக்கச் சொல்லுங்கள். திகதி சரியா என்று பாருங்கள். கடை வாசலுக்கு, வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்து, இடம் பிடிக்கும்வரை நில்லுங்கள். புதிய பெட்டி வெகு தொலைவில் கடைசியாக இயங்கியிருக்கும், அதனால் பத்துப் பதினைந்து நிமிடம்கூட எடுக்கலாம். அவசரப்படுத்தினால் விடுங்கள், வேறு கடை இருக்கிறது.

பிறகு நாவற்குழியிலிருந்து பூநகரிக்கு வழி போடச் சொல்லுங்கள். சங்குப்பிட்டி வருகிறதா? குருநாகல் அதிவேக வீதி இருக்கிறதா? இலங்கை வரைபடத்துக்குப் புதுப்பிப்பு வருமா, காசா, இலவசமா என்பதை வாயால் சொல்லாமல் பற்றுச்சீட்டில் எழுதித் தருவார்களா? “அதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் அண்ணை” என்றால் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, அந்தக் கடையிலேயே ஒரு நல்ல சார்ஜரும் ஏசித் தாங்கியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.